தட்டுப்பாட்டிலும் நியாய விலைக்கு விற்ற துப்பாக்கிக் கடை

ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வடக்கே முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்தத் துப்பாக்கிக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். பெயரைப் போடவில்லை; உரிமையாளரே அப்படிக் கேட்டுக்கொண்டார். 2020இல் யாரோ ஒருவர் 'இங்கே தோட்டா இன்னும் பழைய விலைக்குக் கிடைக்கிறது' என்று எழுதிவைத்ததும், பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்து நின்றனவாம். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அடையாளம் சொன்னால் போதும்: முன்னால் கடை, பின்னால் உள்ளரங்கச் சுடுதளம், எதிரே தானியக் கிடங்கு.

நான் .22 எனப்படும் சிறிய அளவுக் கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவள். என் மகள் 4-எச் என்ற இளையோர் அமைப்பின் சிறுவர் அணியில் ரைஃபிள் சுடுகிறாள். எங்கள் இருவருக்கும் தோட்டா என்பது வீட்டில் அடுக்கி வைக்கும் பொருளல்ல. பயிற்சியில் செலவாகிக்கொண்டே இருக்கும் பொருள். அதனால் 2020 மார்ச் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நீடித்த தட்டுப்பாட்டில், எந்தக் கடை எப்படி நடந்துகொண்டது என்பதை மிக நெருக்கத்தில் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

கொரோனா ஊரடங்கு அறிவித்த வாரத்திலேயே அலமாரிகள் காலியாகத் தொடங்கின. கலவரச் செய்திகள், தேர்தல் பேச்சு, ஆசியர்கள் மீதான தாக்குதல்கள் என்று அச்சத்துக்குக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அந்த ஒரே ஆண்டில் துப்பாக்கி விற்பனைக்காக எஃப்.பி.ஐ. நடத்திய பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம். அதற்குமுன் எந்த ஆண்டிலும் அவ்வளவு இல்லை. முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்று துப்பாக்கித் தொழில் அமைப்பான என்.எஸ்.எஸ்.எஃப். மதிப்பிட்டது.

இந்த எண்ணை வைத்துக் கடைக்காரர் வெள்ளைப் பலகையில் ஒரு கணக்குப் போட்டு மாட்டியிருந்தார். புதிதாக வந்த 84 லட்சம் பேரும் ஆளுக்கு 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டி இரண்டே இரண்டு வாங்கினால் 84 கோடி தோட்டாக்கள். ஏற்கெனவே சுடுகிறவர்களின் தேவையும் போலீஸ், ராணுவத்தின் தேவையும் தனி. 'அரசாங்கம் பதுக்குகிறது', 'தொழிற்சாலைகள் வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கின்றன' என்று கத்திக்கொண்டு வந்தவர்களை அவர் அந்தப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். பலர் அதைப் படித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலைப் பக்கமும் அவர் பொறுமையாக விளக்குவார். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் சின்னஞ்சிறு மூடிக்குப் பிரைமர் என்று பெயர். அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் தயாரித்தவை சி.சி.ஐ., ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் என்ற நான்கு பெயர்கள்தான். அவற்றில் ரெமிங்டன் 2020 ஜூலையில் திவாலானது. ஆர்கன்சாவின் லோனோக்கில் உள்ள அதன் தோட்டா ஆலையை அப்போது ஃபெடரல், சி.சி.ஐ. ஆகியவற்றின் உரிமையாளராக இருந்த விஸ்டா நிறுவனம் வாங்கி மறுபடி முழு வேகத்துக்குக் கொண்டுவரவே காலம் பிடித்தது. வெடிபொருளைக் கையாளும் ஆலையை ஒரே இரவில் கட்டிவிட முடியாது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகும் இப்படித்தான் மக்கள் வாங்கிக் குவித்தார்கள். பிறகு தேவை படுத்துவிட்டது. அந்த அனுபவம் உள்ள எந்த முதலாளி புதிய ஆலைக்குப் பணம் போடுவார்? சரக்கு ஏன் வரவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி விலை. தட்டுப்பாட்டுக்கு முன், கைத்துப்பாக்கிகளுக்கான 9 எம்.எம். தோட்டா 50 கொண்ட பெட்டி பத்து டாலருக்குத் தாராளமாகக் கிடைத்தது. 2020 கடைசியில் இணையத்தில் அதையே நாற்பது, ஐம்பது டாலருக்கு விற்றார்கள். ஒரு தோட்டா ஒரு டாலர்! இங்கே அந்தக் காலத்தில் அதிகபட்சம் பத்தொன்பது டாலர் கொடுத்தேன். நான் வழக்கமாகச் சுடும் சி.சி.ஐ. .22 பெட்டி நான்கு டாலரிலிருந்து ஐந்தரைக்குப் போனது, அதற்குமேல் போகவில்லை. அடக்க விலையோடு பதினைந்து சதவீதம் என்பது அவருடைய கணக்கு. விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே மொத்த வியாபாரியின் பில் நகலை ஒட்டிவைத்திருந்தார். அடக்க விலை ஏறியபோது விலையும் ஏறியது. எவ்வளவு, ஏன் என்று யாரும் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஊரே மூன்று மடங்கு கேட்கும்போது, கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தும் கேட்காதிருந்த இந்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன்.

விலையைக் குறைவாக வைத்தால் மட்டும் போதாது. வாங்கி வெளியே விற்கிற கூட்டம் ஐந்து நிமிடத்தில் துடைத்துக்கொண்டு போய்விடும். நகரத்தில் இருக்கும் ஒரு பெரிய கடையில் அதுதான் நடந்தது. லாரி வரும் நேரம் தெரிந்த ஒரே கும்பல் காலையில் வரிசையில் நிற்கும், மத்தியானம் அதே பெட்டிகள் மூன்று மடங்கு விலைக்கு வெளியே வந்துவிடும். பள்ளி அணிக்கு வாங்க வந்த பயிற்சியாளர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

இந்தக் கடையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி. இந்தியாவில் உரிமத்திலேயே எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கும். ஒஹாயோவில் அப்படி எந்த உச்சவரம்பும் கிடையாது, ஆகவே கடைக்காரர் வைப்பதுதான் வரம்பு. இங்கே பெயர்ப் பதிவேடு என்றாலே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் அவர் பெயர் எழுதவில்லை. சுடுதள உறுப்பினர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, வாங்கிய நாளில் ஒரு தேதி முத்திரை குத்தினார். நம் ஊர் ரேஷன் அட்டை போலவேதான். உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள், மறுக்கவில்லை. 500 தோட்டாக்கள் கொண்ட கட்டு வந்தால் மேலுறையைக் கத்தியால் கீறி, பத்துப் பெட்டிகளையும் பிரித்து அடுக்குவார்கள். முழுக் கட்டாகக் கேட்டவர் யாராக இருந்தாலும் கிடையாது. ஒருமுறை சீருடையில் வந்த போலீஸ்காரர் ஒருவர் கேட்டார். அவருக்கும் இரண்டே பெட்டிதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சுவரில் எழுதியிருந்தார்கள்: வரும் .22 சரக்கில் முதல் பங்கு சிறுவர் அணிகளுக்கு. என் மகளின் அணி இரண்டு ஆண்டுகளும் பயிற்சியை நிறுத்தாமல் நடத்தியதற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

மான் வேட்டைக்காரர்களுக்கும் தனி ஏற்பாடு. ஒஹாயோவில் மானுக்கு ஷாட்கன் ஸ்லக் (ஷாட்கனில் சுடும் ஒற்றைக் குண்டு) பயன்படுத்தலாம். 2014 முதல், கழுத்தாகக் குறுகாத நேர்ச்சுவர் உறை கொண்ட சில ரைஃபிள் தோட்டாக்களுக்கும் அனுமதி உண்டு. இத்தகைய மாநிலங்களை மனதில் வைத்து வின்செஸ்டர் 2019இல் கொண்டுவந்த .350 லெஜண்ட் தோட்டாவைத் தட்டுப்பாட்டில் கண்ணால் காண முடியவில்லை. வேட்டைக்காரருக்கு ஆண்டுக்கு ஒரு பெட்டி போதும், ஆனால் அந்த ஒரு பெட்டி நவம்பருக்குள் வேண்டும். மான் அனுமதிச் சீட்டைக் காட்டியவர்களுக்கென்று இவர்கள் கோடையிலிருந்தே ஒதுக்கி வைத்தார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் தமிழ்த் தம்பி ஒருவர் அந்த மார்ச்சில் பதறிப்போய் என்னிடம் வந்தார். "அக்கா, ஒரு துப்பாக்கியும் பத்துப் பெட்டித் தோட்டாவும் வாங்கி வைத்துவிடலாமா? அப்புறம் கிடைக்காமல் போய்விட்டால்?" என்றார். அதுவரை அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் அவரைக் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்பது. இரண்டாவது, பூட்டி வைக்கப் பெட்டகம் இருக்கிறதா என்பது. "முதலில் சனிக்கிழமை பாதுகாப்பு வகுப்புக்கு வாருங்கள். அதன்பிறகும் வேண்டும் என்று தோன்றினால் விற்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மற்ற கடைகள் வருகிறவர் கையில் எல்லாம் திணித்துக்கொண்டிருந்த வாரம் அது. தம்பி வகுப்புக்குப் போனார், அதற்குப்பின் வாங்கவில்லை. கடைக்கு ஒரு வியாபாரம் போனது. அதைப் பற்றி அங்கே யாரும் முகம் கோணவில்லை.

பயிற்சியைக் கைவிடாமல் தோட்டாவை மிச்சப்படுத்தவும் இங்கேதான் கற்றேன். வார நாளில் ஒரு மாலை, தோட்டாவே இல்லாத பயிற்சி நடத்தினார்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு பேர் பார்த்து உறுதிசெய்த பிறகு, குறி பார்ப்பதும் விசையை அசைவின்றி அழுத்துவதும் மட்டும். .22 துப்பாக்கி பலவற்றில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. .22 தோட்டாவின் விளிம்பில்தான் சுத்தி ஊசி அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் ஊசி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் விளிம்பிலேயே மோதி, அதில் பள்ளம் விழலாம். அதற்கு அவர்கள் கொடுத்தது, சுவரில் திருகாணி பிடிப்பதற்குப் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் செருகி. ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதன் தலை .22 தோட்டாவின் விளிம்பு இருக்கும் இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது. ஊசி பிளாஸ்டிக்கில் அடித்து ஒரு தழும்பு விழும். நாலைந்து அடிக்கு ஒருமுறை செருகியைக் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும், தலை முழுக்கத் தழும்பானதும் தூக்கிப் போட்டுவிடலாம். .22 வெற்று உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பயிற்சி பெரும் உதவி. சுடுதளத்தில் முன்பு ஒரு பெட்டி செலவழித்த இடத்தில் இப்போது இருபது தோட்டா போதுமானதாக இருக்கிறது, இலக்கில் குண்டுகள் முன்பைவிட நெருக்கமாகவும் விழுகின்றன.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். சரக்கு இருக்கிறதா என்று தெரிய நேரில்தான் போக வேண்டும். .380 அளவுக் கைத்துப்பாக்கித் தோட்டா மாதக்கணக்கில் வரவில்லை. ஆலைகள் 9 எம்.எம்.முக்கு முன்னுரிமை கொடுத்ததால் இவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லைதான், ஆனால் .380 துப்பாக்கியை அதே மாதங்களில் விற்றபோது இதை வாங்குபவரிடம் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சுடுதளத்தில் குளிர்காலத்தில் வெப்பமூட்டி போதவில்லை. கார்டு தேய்த்தால் மூன்று சதவீதம் கூடுதல்.

2021இல் அமெரிக்க அரசு ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி தருவதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது மறுபடி ஒரு பதற்ற அலை கிளம்பியது. இங்கே முத்திரை அட்டை தயாராக இருந்ததால் அந்த வாரமும் எல்லோருக்கும் இரண்டு பெட்டி கிடைத்தது. இப்போது வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது, விலையும் இறங்கியிருக்கிறது, ஆனால் சிறுவர் அணிப் பங்கு மட்டும் இன்றும் தொடர்கிறது.

புதிதாகப் போகும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்; கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21 வயது, ரைஃபிள், ஷாட்கன் தோட்டாவுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சட்ட விலக்கு இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கவும் வைத்திருக்கவும் கூடாது. இதை விற்கும் இடத்தில் எல்லோரும் சொல்வதில்லை, இங்கே கேட்காமலே சொல்வார்கள். சனிக்கிழமை பாதுகாப்பு வகுப்புக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. முந்தைய வாரமே நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள்.