தீசிஸ் சப்மிட் பண்ணப் போறீங்களா? ரிப்போர்ட் எடுக்கன்னு வெளிய யாருக்கும் ஃபைலை அனுப்பாதீங்க

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். "சப்மிஷனுக்கு முன்னாடியே டர்னிட்டின் ரிப்போர்ட் எடுத்துத் தர்றோம், சதவீதம் அதிகமா இருந்தா குறைச்சும் தர்றோம்"னு வாட்ஸ்அப் குரூப்லயும் டெலிகிராம்லயும் சுத்துறாங்கல்ல, அவங்ககிட்ட போய் மாட்டாதீங்க (டர்னிட்டின்னா நம்ம எழுத்து வேற எங்கயாவது இருக்கான்னு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் ஒத்துப்போகுதுன்னு காட்டற சாஃப்ட்வேர்). நான் மாட்டினேன். என் தீசிஸை நான்தான் எழுதினேன்னு மூணு வாரம் நிரூபிச்சுட்டு இருந்தேன்.

கடைசி மாசம் எப்படி இருக்கும்னு எழுதினவங்களுக்குத் தெரியும். அஞ்சாவது சேப்டர் முடியல, ரெண்டாவதுல கைடு மேடம் போட்ட கமெண்ட் எல்லாம் அப்படியே கிடக்கு, மார்ஜின் இவ்வளவு ஸ்பேசிங் இவ்வளவுன்னு ஆபீஸ்ல ஒரு ஷீட்டை நீட்டிட்டாங்க, நான் ராத்திரி ரெண்டு மணிக்கு பேஜ் நம்பர் ரோமன்ல இருந்து சாதா நம்பருக்கு மாற மாட்டேங்குதேன்னு லேப்டாப் முன்னாடி உக்காந்து அழுதுட்டு இருக்கேன். அந்த நேரத்துல யார் வந்து "நான் பாத்துக்கறேன்"னு சொன்னாலும் தூக்கிக் குடுத்துருவோம். லேப்ல ஒருத்தர் நம்பர் குடுத்தாரு. பேசினா தேன் மாதிரி பேச்சு, "கவலையே படாதீங்க சிஸ்டர், ரெண்டே நாள்". ஒரு மாச ஸ்டைபண்ட்ல பாதி கேட்டாங்க, அதுவும் மொத்தமா முன்னாடியே. அப்பவே உஷாராகியிருக்கணும்.

ஃபைல் வந்துச்சு, கூடவே 7%னு ரிப்போர்ட்டும் வந்துச்சு. அன்னிக்கு நல்லாத் தூங்கினேன், பொய் சொல்லல.

மறுநாள் பொருளடக்கத்தைப் பாத்தப்பதான் இடிச்சுது. தலைப்புக்கும் பேஜ் நம்பருக்கும் நடுவுல வர்ற புள்ளியெல்லாம் கையால ஒவ்வொண்ணா தட்டி வச்சிருக்காங்க, ஒரு எழுத்து சேத்தா மொத்த வரிசையும் சாஞ்சுடுது. ஸோட்டெரோங்கற ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர்ல கோத்து வச்சிருந்த சைட்டேஷன் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஆயிடுச்சு. சரி தொலையட்டும்னு மூணாவது சேப்டரைத் திறந்தா, நான் செஞ்ச மெத்தடே எனக்குப் புரியல! ரேண்டம் ஃபாரஸ்ட்னு (டேட்டாவை வச்சுக் கணிக்கற ஒரு அல்காரிதம்) எழுதினதை இர்ரெகுலர் பேக்வுட்ஸ்னு மாத்தியிருக்காங்க. சிக்னல் டு நாய்ஸ் போய் ஃபிளாக் டு க்ளாமர் வந்திருக்கு (கவர்ச்சி இல்லீங்க, கூச்சல்னு அர்த்தம் வர்ற க்ளாமர்). எரர் இருந்த இடமெல்லாம் பிளண்டர். மீன் ஸ்கொயர் பிளண்டராம்.

மெஷின்ல போட்டு வார்த்தைக்கு வார்த்தை மாத்தினா இப்படித்தான் ஆகும், எழுத்து பொருந்தாததால சதவீதம் குறையும், அர்த்தம் செத்துப் போயிருக்கும். இதுக்குப் பேரே இருக்கு, டார்ச்சர்டு ஃபிரேசஸ், அதாவது சித்திரவதை பட்ட சொற்கள். கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 2021ல வச்ச பேரு. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்ங்கறதை கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்னு எழுதின பேப்பரெல்லாம் ஜர்னல்லயே வந்திருக்கு, அதைத் தேடிப் பிடிச்சாங்க. அந்த ஜாதியில நானும் சேரப் பாத்தேன்.

ஒரு வாரம் உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா பழையபடி மாத்தினேன். இங்கதான் அடுத்த முட்டாள்தனம், என் பழைய ஃபைலுக்கே போயிருக்கணும், மார்ஜின் சரியா இருக்கேன்னு அவங்க குடுத்த ஃபைல்லயே திருத்தினேன். திருத்தி லைப்ரரில குடுத்தேன். 84% வந்துச்சு.

மேடம் கூப்பிட்டு ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாங்க. பக்கம் பக்கமா சிவப்பு. முதல் சோர்ஸா நான் கால்கூட வைக்காத ஏதோ ஒரு யுனிவர்சிட்டி பேரு, அங்க சப்மிட் ஆன ஸ்டூடண்ட் பேப்பர்னு இருக்கு.

"எங்கம்மா குடுத்த?"

திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

என்ன நடந்துச்சுன்னா, டர்னிட்டினைத் தனி ஆள் காசு குடுத்து வாங்க முடியாது, கல்வி நிறுவனங்களுக்குத்தான் லைசென்ஸ். அப்ப இவங்க எங்கயோ இருக்கற ஒரு ஆசிரியர் அக்கவுண்ட்டைத்தான் ஓட்டுறாங்க. அதுல பேப்பரைச் சேமிக்கணுமா வேணாமான்னு ஒரு செட்டிங் இருக்கு, நோ ரெபாசிட்டரின்னு வைக்கலன்னா நம்ம ஃபைல் டர்னிட்டின் கிடங்குல போய் உக்காந்துக்கும். என் ஒரிஜினலை அப்படியே ஏத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் யார் செக் பண்ணினாலும் நாம நம்மகிட்ட இருந்தே திருடின மாதிரிதான் காட்டும். அந்த 7%ம் சும்மா கண்கட்டு வித்தைதான். பிப்ளியோகிராஃபி, மேற்கோள், சின்னச் சின்ன மேட்ச் இதையெல்லாம் கழிச்சா ஒரு நம்பர், கழிக்கலன்னா வேற நம்பர், ஒரே ஃபைலுக்கு.

ரிப்போர்ட் எடுத்துக் குடுத்த ஆளுக்குப் போன் போட்டேன். முதல்ல "சர்வர் ப்ராப்ளம் சிஸ்டர்", அப்புறம் "டெலிட் பண்ணிட்டோம்", அப்புறம் ப்ளூ டிக்கே இல்ல. டெலிட் பண்றது அவ்வளவு லேசும் இல்ல, எந்த நிறுவனத்து அக்கவுண்ட்ல ஏறுச்சோ அவங்க அட்மின் மூலமாத்தான் நிரந்தரமா எடுக்க முடியும். அந்த யுனிவர்சிட்டிக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதில் வரல.

என்னைக் காப்பாத்தினது பழைய மெயில்தான். ரெண்டு வருஷமா ஒவ்வொரு சேப்டரையும் டிராஃப்ட் ஒண்ணு, டிராஃப்ட் ரெண்டு, "ஃபைனல்", "ஃபைனல் நிஜமா"ன்னு மேடத்துக்கு அனுப்பிட்டே இருந்திருக்கேன், எல்லாத்துலயும் தேதி இருக்கு. அதோட கூகுள் டாக்ஸ் வெர்ஷன் ஹிஸ்டரி, லேப் நோட்டு. இதையெல்லாம் கமிட்டி முன்னாடி வச்சு, வெளிய குடுத்தேன்னு என் கையாலயே எழுதிக் குடுத்து (அதுதான் அசிங்கத்துலயே பெரிய அசிங்கம்), அதுக்கப்புறம் லைப்ரரில அந்த ஒரு சோர்ஸை மட்டும் விலக்கிட்டு ரிப்போர்ட் எடுத்தாங்க. 9% வந்துச்சு. கடுப்பு என்னன்னா, முதல்லயே லைப்ரரில போய்க் கேட்டிருந்தா சேமிக்காம செக் பண்ணிக் குடுத்திருப்பாங்களாம், காசும் கிடையாது. யாரும் கேக்கறதில்லன்னு அந்த சார் சொன்னாரு. உங்க லைப்ரரில இல்லன்னா கைடுகிட்ட கேளுங்க, அவங்க அக்கவுண்ட்லயே அந்த செட்டிங் இருக்கும்.

வைவா போன வாரம் முடிஞ்சுது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், பைண்ட் பண்ணின காப்பில ஒரு பக்கத்துல மஞ்சள் சீட்டு ஒட்டி வச்சிருந்தாரு. திறந்து, ஒரு படத்துக்குக் கீழ இருந்த குறிப்பைக் காட்டி, "பேக்வுட்ஸ்னா என்னம்மா, புது அல்காரிதமா?"ன்னாரு. டைப்பிங் மிஸ்டேக் சார்னேன். மேடம் ஜன்னலைப் பாத்துட்டு இருந்தாங்க.