ஃபர்ஸ்ட் இயருக்கு காலேஜ் ஹாஸ்டலா, வெளிய பிஜியா (பேயிங் கெஸ்ட்)?
அக்கா பையன் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சேர்ந்திருக்கான், வீட்ல இப்ப ரெண்டு கட்சி. அக்கா ஹாஸ்டல்ங்கிறா, மாமா பிஜிங்கிறார். நான் அதே ஊர்ல மூணு வருஷம் கவர்மென்ட் காலேஜ் ஹாஸ்டல், கடைசில ஆறே மாசம் பிஜி. என்னக் கேட்டா முத வருஷம் ஹாஸ்டல்தான்.

ரூம்னு பாத்தா பிஜிதான், அதுல பேச்சே இல்ல. வைஃபை, அட்டாச்டு பாத்ரூம், லேட்டா வந்தாலும் கேள்வி கெடையாது. ஹாஸ்டல்ல வெளிய போக அவுட்பாஸ், காலைல பக்கெட்டோட க்யூ.

ஆனா காசு நிக்கிறதும் போறதும் மெஸ் பில்லுலதான். எங்க ஹாஸ்டல்ல டிவைடிங் சிஸ்டம், அதாவது மளிகை, காய்கறி, கேஸ், சமையல்காரங்க கூலி எல்லாம் கூட்டி, பசங்க சாப்பிட்ட மொத்த நாளால வகுத்து நாள் ரேட் போடுவாங்க. ரேட் 120 ரூபான்னு வச்சுக்கோங்க, தீபாவளிக்கு எட்டு நாள் மெஸ் கட் போட்டா, அதாவது அந்த நாள் சாப்பாடு வேணாம்னு சொல்லிட்டா, 960 ரூபா கொறையும். நான் இருந்த பிஜில பத்து நாள் ஊர்ல கெடந்தாலும் முழு மாசக் காசு, செமஸ்டர் லீவுக்கும் பெட்ட விடாம இருக்கணும்னா கட்டியே ஆகணும்.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, முன்னாடியே நோட்ல எழுதிட்டுப் போகணும். பாட்டி தவறினப்ப எழுதாம ஓடிட்டேன், ஆறு நாள் சாப்பிடாத சோத்துக்கு பில் வந்துச்சு. நெறைய பேரு ஊருக்குப் போனா ரேட்டும் ஏறும், கூலி கொறையாதுல்ல. நான் மெஸ் ரெப்பா இருந்தப்ப விடிகாலைல மேட்டுப்பாளையம் ரோடு எம்ஜிஆர் மார்க்கெட்டுக்குப் போய் காய் எடுப்போம், தக்காளி வெல ஏறுன மாசம் ரசம் வெறும் புளித்தண்ணிதான். பில் ஒட்டுனா நோட்டீஸ் போர்டுல ஆளாளுக்கு விரல வச்சு அவங்க நம்பரத் தேடுவாங்க.

மாமாவுக்கு ராகிங் பயம். தமிழ்நாட்ல 1997லயே சட்டம் வந்தாச்சு, யுஜிசி 2009 விதில முடிஞ்ச வரைக்கும் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குத் தனி பிளாக்னே இருக்கு, அது இருக்கான்னு நேர்ல போய்ப் பாத்துக்கலாம்.

பொண்ணுங்க ஹாஸ்டல் பத்தி எனக்கு அனுபவம் இல்ல. பிரைவேட் லேடீஸ் ஹாஸ்டல்னா 2014 சட்டப்படி லைசென்ஸ் வேணும், அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அத மட்டும் கேட்டுருங்க.

அக்கா, பக்கெட் மட்டும் ரெண்டா வாங்கிக் குடு, ஒண்ணு முத வாரமே காணாமப் போயிரும்.