28 லட்சத்துக்குப் புது ஹாரியரா, ஏழு வயசு எக்ஸ்3-ஆ?

டாடா ஹாரியர் டீசல் ஆட்டோமேட்டிக்கின் மேல் வேரியன்ட்கள் தமிழ்நாட்டில் ஆன்-ரோடு ஏறக்குறைய 28 லட்சத்தில் வந்து நிற்கின்றன. அதே காசுக்கு 2018, 2019 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்3 20டி பழைய கார் சந்தையில் கிடைக்கிறது. அந்த எக்ஸ்3 2018-இல் வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலையே 49.99 லட்சத்தில்தான் தொடங்கியது. பாதி விலைக்கு பிஎம்டபிள்யூ என்று மனசு துள்ளும். ஆனால் பாதியானது காரின் விலை மட்டும். இன்ஜெக்டரும் லோயர் ஆர்மும் ஹெட்லைட்டும் இன்னும் பழைய விலையில்தான் இருக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் அசெம்பிள் செய்த வண்டிதானே என்று பார்ட்ஸ் கடைக்காரர் விலையைக் குறைக்கப் போவதில்லை.

பேப்பரில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஹாரியரின் 2 லிட்டர் டீசல் 170 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். எக்ஸ்3-இன் 2 லிட்டர் டீசல் 190, 400. வித்தியாசம் தெரிவது திண்டிவனம் தாண்டி திருச்சி ரோட்டில். எக்ஸ்3-இன் எட்டு கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எந்த கியரில் இருக்கிறது என்று யோசிக்கவே விடாது. 110-இல் போகும்போது பின்சீட்டில் மெதுவாகப் பேசலாம். பின்சீட்டில் மூன்று பேர் என்றால் மட்டும் கதை மாறும். எக்ஸ்3-இல் நடுவில் உட்காருபவரின் கால் டிரான்ஸ்மிஷன் மேட்டில் இடிக்கும். ஹாரியர் முன்சக்கர டிரைவ் என்பதால் அந்த மேடு பெரிதாக இல்லை, அகலமும் தாராளம். மாமியார், மாமனாரோடு வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

டீசல் என்றால் முதலில் கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எப்படிப்பட்ட ரோடு என்பதுதான். டீசல் புகையை வடிகட்டும் டிபிஎஃப் ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு நிலைக்க, நிற்காமல் 15–20 நிமிஷம் ஓட வேண்டும். வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு ஆபீஸ் போய்வரும் கார் ரீஜெனை, அதாவது கரியை எரிக்கும் வேலையைத் தொடங்கும், பாதியில் அணைக்கப்படும், மறுநாள் மறுபடி தொடங்கும். ரீஜெனுக்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் லெவல் குறைவதற்குப் பதில் ஏறும். இது ஹாரியருக்கும் பொருந்தும். வாரன்டியில் இருக்கும் புது வண்டியில் ஷோரூம்காரர் தலைவலி, பழைய எக்ஸ்3-இல் முழுக்க உங்கள் தலைவலி. கரி எரியும், சாம்பல் எரியாது. அதனால் வாங்குவதற்கு முன் ஸ்கேனரில் சாம்பல் அளவையும் கடைசி ரீஜெனுக்குப் பிறகு ஓடிய தூரத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்3-இன் எஞ்சின் குடும்பத்தில் இஜிஆர் கூலரும், அதாவது எஞ்சினுக்கே திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் பாகமும், பேர்போன பலவீனம். கூலரிலிருந்து கசியும் கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் தீப்பிடித்ததால்தான் 2018-இல் தென்கொரியாவில் தொடங்கி பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகால் நடந்தது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து நிலுவையில் ரீகால் ஏதும் உண்டா என்று டீலரிடம் கேட்க காசு செலவில்லை. கூலன்ட் மாதாமாதம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று விற்பவர் வாய்தவறிச் சொன்னால், அதோடு கிளம்பிவிடலாம்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள். பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். லெவல் பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, ஆயில் 30–50 டிகிரி சூட்டில். வெறும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றி ஊற்றும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

டயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எக்ஸ்3 மாதிரி நான்கு சக்கர டிரைவ் வண்டியில் முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்று போட்டால் சுற்றளவு மாறும். முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் ஓயாமல் அதைச் சமன்செய்து தேயும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். வண்டி விட்டுவிட்டு இழுத்தால் அங்கே செலவு காத்திருக்கிறது. ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரன்-ஃபிளாட் டயர் பஞ்சரானால் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போகலாம், அவ்வளவுதான். ராத்திரி உளுந்தூர்பேட்டையில் அந்த சைஸ் கிடைக்காது. நாலும் மாற்ற ஒரு லட்சத்தைத் தாண்டும்.

பேட்டரி மாற்றினால்கூட புதுப் பேட்டரியை கம்ப்யூட்டரில் பதிவுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழசுக்கு ஏற்றமாதிரியே சார்ஜ் ஏற்றி, புதுசைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

ஓடோமீட்டரைத் திருப்புவது சகஜம். ஆனால் பிஎம்டபிள்யூ ஓடிய தூரத்தை மீட்டரில் மட்டும் வைத்திருப்பதில்லை. வண்டியிலுள்ள வேறு கம்ப்யூட்டர் மாட்யூல்களிலும் எழுதி வைக்கிறது. நல்ல ஸ்கேனர் உள்ள தனியார் கேரேஜில் இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்தால் முரண்பாடு தெரிந்துவிடும்.

வரிக் கணக்கில் பழைய வண்டிக்குச் சாதகம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். 23 லட்ச ரூபாய் வண்டிக்கு 4.6 லட்சம் அங்கேயே போகும். டிஎன் பதிவு எக்ஸ்3 என்றால் அதை முதல் ஓனர் கட்டிவிட்டார். டெல்லி வண்டி சல்லிசாக வருகிறதே என்று ஓடாதீர்கள். பத்து வயசைத் தாண்டிய டீசலுக்கு 2015-இல் அங்கே தடை போட்ட உத்தரவால்தான் அவை தெற்கே இறங்கத் தொடங்கின. இங்கே மறுபதிவும் வரியும் சேர்த்தால் லாபம் கரையும்.

மாதம் இரண்டு தடவையாவது ஹைவேயில் ஓட்டுபவர், பக்கத்தில் பிஎம்டபிள்யூ தெரிந்த கேரேஜ் உள்ளவர், வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தனியாக எடுத்துவைக்க முடிந்தவர் எக்ஸ்3 வாங்கலாம். கடன் வாங்கி இதை எடுப்பவருக்கு ஹாரியர்தான் சரி.

சென்னை வண்டி என்றால் கடைசியாக ஒரு வேலை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். டிக்கித் தரையைத் தூக்குங்கள். எக்ஸ்3-இன் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. கனெக்டர் முனையில் பச்சை படிந்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.