அலாஸ்காவுக்கு முழுக்கச் சாலையா, பாதி கப்பலா?

காரோடு போகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

செலவு: சாலைதான் மலிவு. கப்பலில் ஆளுக்கு ஒரு கட்டணம், காரின் நீளத்துக்குத் தனிக் கட்டணம், அறை வேண்டுமென்றால் அதற்கும் தனியாக.

நேரம்: 1942-ல் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை, கனடாவின் டாசன் கிரீக்கிலிருந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை சுமார் 2,200 கி.மீ. அவசரப்படாமல் ஓட்டினால் ஐந்தாறு நாள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாமிலிருந்து அலாஸ்காவின் ஹெய்ன்ஸுக்குக் கப்பலில் சுமார் மூன்று நாள், அப்புறம் மறுபடி சாலை.

சிரமம்: பெட்ரோல் பங்குகள் தூரம் தூரமாக இருக்கும், பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுங்கள். கனடா எல்லையோரம் பீவர் கிரீக் பக்கம் அடிநிலம் உறைந்து இளகி, சாலை அலையலையாகப் புடைத்திருக்கும், மெதுவாகத்தான் போக வேண்டும். கப்பலில் அந்தக் கவலை இல்லை. அறை எடுக்காதவர்கள் மேல்தளத்தில் கூடாரம் போட்டு, காற்றில் பறக்காமல் ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டித் தூங்குகிறார்கள். ஆனால் கார்த்தளத்தைப் பூட்டிவிடுவார்கள், கம்பளியை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் இருக்கும் லியர்டு வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளிக்க ஆசையா, சாலையில் போங்கள். கூட வயதானவர்கள் இருந்தால் கப்பல். என்னைக் கேட்டால் போக சாலை, வரக் கப்பல், கப்பலை மட்டும் மாதக்கணக்கில் முன்பே பதிந்துவிடுங்கள்.