கே1000, ஓஎம்-1, எஃப்எம்2: எந்தப் பழைய கேமரா?

பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கிற பிலிம் கேமரா வேண்டும் என்று விசாரித்தால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2. மூன்றிலும் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற ஷட்டர் ஸ்பிரிங்கில் ஓடுகிறது. அதே காலத்து கேனான் ஏஇ-1 அப்படியில்லை. பேட்டரி போனால் வெறும் டப்பா.

கே1000, 1976-இல் வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கான கேமரா. செல்ஃப் டைமர் கிடையாது, மீட்டரை அணைக்க சுவிட்சும் கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடியை மறந்து அலமாரியில் வைத்து நான் காலி செய்த பேட்டரிகளுக்குக் கணக்கில்லை.

ஓஎம்-1, ஒலிம்பஸ் பொறியாளர் யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது, உள்ளங்கைக்கு அடக்கம். ஷட்டர் வேகத்தை மாற்றும் வளையம் லென்ஸைச் சுற்றியே இருப்பதால் கண்ணை எடுக்காமல் இடது கையாலேயே எல்லாம் திருப்பலாம். கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரோ ஜன்னல் மாதிரி. வம்பு பேட்டரியில்தான். அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கானது. இப்போது அது கிடையாது. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்கான 675 பேட்டரியை, அளவு சரியாக உட்கார ஒரு வளையத்தோடு போட்டுச் சமாளிக்கலாம்.

எஃப்எம்2-வின் விலை அதிகம். ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. மற்ற இரண்டின் ஷட்டர் வேகமும் 1/1000 நொடியோடு நின்றுவிடும், இது 1/4000 வரை போகும். நம்மூர் உச்சி வெயிலில் 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ரோலுக்கு 1/1000-இல் லென்ஸின் துளையை எஃப்/11 வரை மூடியாக வேண்டும். முகத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரொட்டியும் சேர்ந்து தெளிவாக விழும். 1/4000-இல் எஃப்/5.6 வரை திறக்கலாம், பின்னணி மங்கும். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு மட்டும் தொல்லை: மீட்டர் வேலை செய்ய, பிலிமை நகர்த்துகிற வைண்டிங் லீவரை வெளியே இழுத்து வைக்க வேண்டும், அது நெற்றியில் குத்தும்.

என்னிடம் காசிருந்தால் எஃப்எம்2. இல்லையென்றால் கே1000. ஓஎம்-1 மேல் ஆசை உண்டு, பேட்டரி வம்புக்குத்தான் பொறுமை இல்லை. ஆனால் அடிபட்ட எஃப்எம்2-வைவிட நன்றாக வைத்திருந்த கே1000 மேல். வாங்குமுன் பின்மூடியைத் திறந்து 1 நொடி வேகத்தில் அழுத்திப் பாருங்கள். இழுத்து இழுத்து ஓடினால் சர்வீஸ் செலவு நிச்சயம். ஓஎம்-1 என்றால் வியூஃபைண்டருக்குள் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே ஸ்பாஞ்ச் உருகிப் பிரிசம் என்கிற கண்ணாடியை அரித்திருக்கும். லென்ஸுக்குள் மொபைல் டார்ச் அடிக்கும்போது சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.