16 வருஷ ஸ்ப்ளெண்டரும் சைதாப்பேட்டை அண்ணனும்

2009 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து வருஷக்கணக்காகிறது, என் பெட்ரோல் டாங்கில் மட்டும் இன்னும் சேர்ந்தே இருக்கிறார்கள். 1,10,000 கி.மீ. ஓடியாச்சு. மைலேஜ், சீட் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை, ஊரே ஓட்டுகிற வண்டி. இத்தனை வருஷம் ஓடவைத்த மெக்கானிக் அண்ணனைப் பற்றித்தான் எழுதணும்.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தது. வண்டி ஹேண்டில்பார் வரை முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா என்று போனில் கேட்டேன். "கிக்கரைத் தொட்டீங்கன்னா இங்க வராதீங்க. தள்ளிக்கிட்டு வாங்க" என்று கத்தினார். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது நிற்கும்போது எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கனெக்டிங் ராடுக்கே ஆபத்து. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றினார். டிரெயின் நட்டைத் திறந்தால் ஆயில் பால் காபி மாதிரி கொட்டியது. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி... மூன்றாவது தடவைதான் ஆயில் நிறத்துக்கு வந்தது. அவர் கடையிலும் வெள்ளம் புகுந்து கம்ப்ரஸர் போயிருந்தது. "ஆயில் காசு மட்டும் கொடுங்க சார்" என்றார்.

குறை இல்லாமலா? "சாயங்காலம் வாங்க" என்பார், எந்த நாள் சாயங்காலம் என்று சொல்லமாட்டார். பில் கிடையாது. ஒருமுறை கிளட்ச் பிளேட் மாற்றிய மூன்றாம் நாளே ஆயில் ஒழுகியது. ஆயில் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங்கைப் புதிதாக மாற்றாமல், பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார். கேட்டதும் சண்டை. ரோஷத்தில் ஆறு மாசம் வேறு கடை. அங்கே எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடும் 'போர்' வேலை பண்ணணும் என்று பெரிய தொகை சொன்னார்கள்.

வெட்கத்தை விட்டு அண்ணனிடமே போய் நின்றேன். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து, "டைமிங் செயினும் டென்ஷனரும் போதும் சார்" என்றார். நாலு வருஷமாச்சு, போர் இன்னும் பிரிக்கவில்லை.

மகளுடைய ஸ்கூட்டர் பிஎஸ்-6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்ஷன். போன மாசம் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்கேனர் வேணும், எங்கிட்ட இல்ல. ஷோரூமுக்கே போயிடுங்க" என்றார். சொல்லிக்கொண்டே பின் பிரேக்கை டைட் பண்ணிக் கொடுத்தார். அதற்கும் காசு வாங்கவில்லை.