டிஎஸ்9 பெடலும் எல்எஸ்-2 பெட்டியும்: பேஸ் கிட்டாருக்குச் சால்டர் எதற்கு?

ஒலிக்குக் கரகரப்பூட்டும் கால்மிதிப் பெட்டியான இபனெஸ் நிறுவனத்தின் டிஎஸ்9 டியூப் ஸ்க்ரீமர் பெடலை நான் வாங்கியது ஆறு கம்பி கிட்டாருக்காகத்தான். 1982இல் வெளிவந்த அந்தப் பச்சைப் பெடலைப் பேஸ் கிட்டாரிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. போட்ட முதல் நிமிடத்திலேயே ஓசைக்கு நல்ல கரகரப்புச் சேர்ந்தது, ஆனால் கிக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு ஒலிக்க வேண்டிய அடிப்பகுதி, அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போயிற்று. இதைச் சரிசெய்ய, பெடலைத் திறந்து, சால்டர் வைத்து உள்ளிருக்கும் கெபாசிட்டரை மாற்றலாம். அல்லது பெடலை அப்படியே விட்டுவிட்டுச் சிக்னல் போகும் பாதையை மாற்றலாம். முதலில் சொன்னதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, சிக்னலை இரண்டு பாதைகளாகப் பிரித்துக் கலக்கும் பெட்டியான, பாஸ் நிறுவனத்தின் எல்எஸ்-2 லைன் செலக்டரை வாங்கினேன். ஓராண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

அடிப்பகுதி எங்கே போகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பலரும் நினைப்பதுபோல் டிஎஸ்9 அதை வெட்டி எறிவதில்லை. ஒலியை நெரிக்கும் ஆப் ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லின் பெருக்கத்தைத் தீர்மானிக்கும் கிளையில், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் தொடராக நிற்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழைக் கடைசிவரை இறக்கி வைத்துக் கணக்குப் போட்டால், அலையின் உச்சியை நெரிக்கும் டயோடுகள் குறுக்கிடுவதற்கு முன் 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழப் பத்து மடங்கு பெருகுகிறது. பேஸின் தடித்த ஈ கம்பி எழுப்பும் 41 ஹெர்ட்ஸோ 1.2 மடங்குதான் பெருகுகிறது. நடுப்பகுதி இப்படி எகிறி நிற்பதால் நாம் லெவல் குமிழைக் குறைக்கிறோம். குறைக்கும்போது, ஏறவே ஏறாத அடிப்பகுதியும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. ஆறு கம்பி கிட்டாருக்கு இது குறையே அல்ல. இசைக்குழுவின் இரைச்சலுக்கு நடுவே அந்தக் கிட்டார் தனித்துக் கேட்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

அப்படியானால் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 473 என்று எண் பொறித்த அந்தச் சின்னக் கெபாசிட்டரைக் கழற்றி, அதைப்போல் பத்து மடங்கான 0.47 மைக்ரோஃபாரட்டை வைத்தால், 720 என்ற எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். காகிதத்தில் அழகான கணக்கு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும்போது இரண்டாவது காலில் சூடு கூடிப்போய், சர்க்யூட் பலகையோடு ஒட்டியிருந்த செம்பு வட்டம் காய்ந்த புண்ணின் பொருக்கைப் போலப் பெயர்ந்து வந்துவிட்டது. தவறு முழுக்க என் கையினுடையது. மெல்லிய கம்பி ஒன்றை அடுத்த புள்ளிவரை இழுத்துப் பற்றவைத்து ஒருவழியாக ஒப்பேற்றினேன்.

பெடல் வேலை செய்தது, அடியும் திரும்பி வந்தது, ஆனால் அது நான் கேட்ட அடி அல்ல. 41 ஹெர்ட்ஸ் இப்போது ஆறு மடங்கு பெருகி, நேராகப் போய் டயோடுகளில் மோதுகிறது. பேஸ் சிக்னலில் ஆளும் அலை அந்தத் தாழ்ந்த அலைதான் என்பதால், அது உச்சியில் நெரிபடும் ஒவ்வொரு முறையும் அதன் முதுகில் சவாரி செய்யும் மேல்சுரங்களும் சேர்ந்தே நசுங்குகின்றன. ஒற்றைச் சுரத்தில் இது தடித்த உறுமலாகக் கேட்கிறது, அதில் ஒரு சுகமும் உண்டு. இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் சேற்றில் கால் வைத்ததுபோல் குழம்புகிறது. பிறகு 0.1 மைக்ரோஃபாரட்டுக்கு மாறினேன். எல்லை ஏறக்குறைய 340 ஹெர்ட்ஸுக்கு வந்து குழப்பம் குறைந்தது, கூடவே அடியும் பாதி குறைந்தது. எந்த மதிப்பை வைத்தாலும் கரகரப்பும் அடியும் ஒரே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதுதான் இந்த முறையின் சிக்கல்.

எல்எஸ்-2 வாசலை இரண்டாக்குகிறது. உள்வரவு, வெளியீடு, அவற்றோடு ஏ, பி என இரண்டு சுற்றுகளுக்கான அனுப்பும் துளைகளும் திரும்பும் துளைகளும் என மொத்தம் ஆறு துளைகள். இரண்டு சுற்றுகளுக்கும் தனித்தனி லெவல் குமிழ்கள். ஆறு நிலைகள் கொண்ட ஒரு தேர்வுக் குமிழ். ஏ சுற்றில் டிஎஸ்9ஐ இணைத்து, பி சுற்றின் இரு துளைகளையும் சாண் நீளப் பேட்ச் கேபிளால் சேர்த்து, தேர்வுக் குமிழை இரண்டும் கலக்கும் நிலையில் வைத்தேன். பேஸின் சுத்தமான ஒலி எதிலும் நெரிபடாமல் ஒரு பாதையில் வருகிறது, பெடலின் கரகரப்பு மறு பாதையில் வந்து அதோடு கலக்கிறது. பி குமிழைப் பாதிக்குச் சற்று மேலும், ஏ குமிழை மூன்றில் ஒரு பங்கிலும் வைத்தபோது, ஒத்திகை அறையில் டிரம்மர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் பாராட்டும் முறை அவ்வளவுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெடல்களை அடுக்கும் பலகையில் இன்னொரு பெடலின் இடம் போகிறது, கூடுதலாக மூன்று பேட்ச் கேபிள்கள் வேண்டும், அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் எது தளர்ந்தது என்று தேடுவதற்குள் பாட்டே முடிந்துவிடும். சுத்தமான பாதைக்குத் தனி டோன் குமிழ் கிடையாது. சில சமயம் இரண்டு ஒலிகளும் கலக்காமல், இரண்டு பேர் வாசிப்பதுபோல் பிரிந்து கேட்கின்றன. எல்எஸ்-2க்குப் பின்னால், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் ஒன்றை வைத்த பிறகுதான் எனக்கு அவை ஒன்றாகின. கால் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கலக்கும் நிலையில் இருக்கும்போது பழைய நினைப்பில் டிஎஸ்9ஐ மிதித்து அணைத்தால், இரு பாதைகளிலும் ஒரே சுத்தமான சிக்னல் வந்து கூடுகிறது. லெவல்கள் சமமாக இருந்தால் ஒலி 6 டெசிபல் எகிறும். மெதுவான பாட்டு ஒன்றின் நடுவே நான் இதைச் செய்திருக்கிறேன். டிஎஸ்9ஐ எப்போதும் எரியவிட்டு, எல்எஸ்-2ஐ மட்டும் மிதிப்பதே முறை.

வேறு பெடல்களை இப்படிக் கலக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஎஸ்9 சிக்னலைத் தலைகீழாக்குவதில்லை, அதனால்தான் என் வேலை எளிதாக முடிந்தது. அலையைப் புரட்டிவிடும் பெடலைச் சுத்தமான ஒலியோடு சேர்த்தால், ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து, எந்த அடிப்பகுதிக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே அடிபட்டுப்போகும். எல்எஸ்-2இல் அதைத் திருப்பிப் போடும் சுவிட்சும் இல்லை. இரண்டு வெளியீடுகளை வெறும் ஒய் கேபிளால் ஒட்டிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஒன்று மற்றொன்றை இழுத்து இரண்டும் மெலியும்.

மிக்ஸரில் ஒரு சேனல் மிச்சம் இருப்பவருக்கு எல்எஸ்-2கூடத் தேவையில்லை. பேஸை நேராக, கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பாக்ஸில் செருகிச் சுத்தமான ஒலியை ஒரு சேனலுக்கு அனுப்பிவிட்டு, வந்த சிக்னலை அப்படியே வெளியே விடும் அதே பாக்ஸின் த்ரூ துளையிலிருந்து பெடலுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு டிஐ வழியாக அடுத்த சேனலுக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஈக்யூ, அதாவது தனி டோன் கட்டுப்பாடு, கிடைப்பதால், ஒலிப்பதிவுக்கு நான் இதையே விரும்புகிறேன். மேடையில், கலவையை ஒலிப்பொறியாளர் கையில் விட்டுவிட மனம் வராதவர்களுக்குத்தான் எல்எஸ்-2.

இபனெஸே பேஸுக்கென்று வெளியிட்ட டிஎஸ்9பி பெடலில், டிரைவ், லெவல் ஆகியவற்றோடு பேஸ், டிரெபிள் குமிழ்களையும், சுத்தமான ஒலியைக் கலக்க மிக்ஸ் என்ற குமிழையும் வைத்திருக்கிறது. எந்தப் பெடலும் கையில் இல்லாதவர் அதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அந்த ஒற்றைச் சுர உறுமல்தான் வேண்டும் என்பவர் தாராளமாகச் சால்டர் பிடிக்கட்டும், ஆனால் முதலில் ஒரு பழைய சர்க்யூட் பலகையில் கை பழகிக்கொள்ளட்டும். ஏற்கெனவே டிஎஸ்9 வைத்திருந்து, அதைக் கிட்டாருக்கும் பயன்படுத்துகிறவர் எல்எஸ்-2ஐ வாங்கலாம். என் பெடலில் இப்போது மறுபடியும் 473தான் இருக்கிறது, பெயர்ந்த இடத்தில் அந்தக் கம்பியோடு.